பவளத்துக்கு மருந்து ஊற்றும் முன் தண்ணீரை அளந்து பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டுக் கடல்நீர்த் தொட்டி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை ஆவலோடு படித்தேன். இந்தப் பொழுதுபோக்கைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பதே அபூர்வம். படங்கள் அழகு. தொட்டியை எங்கே வைப்பது, தரை எவ்வளவு எடை தாங்கும் என்ற பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் ‘வாடும் பவளத்தைக் காப்பாற்ற’ என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். அதில் இருப்பதை ஒருவர் அப்படியே செய்தால், பிழைக்க வேண்டிய பவளமும் போய்விடும். அதிலும் ஒரு வரி மனிதர்களுக்கே ஆபத்து.

அந்த வரியை முதலில் சொல்லிவிடுகிறேன். பாறையில் வேண்டாதது ஏதாவது ஒட்டியிருந்தால் அதைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுக்கலாம் என்று இருக்கிறது. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். கடையில் வாங்கும் பாறைகளில் சட்டைப் பொத்தான் அளவில் தட்டையாக, நடுவில் வாயும் சுற்றிலும் குட்டி விரல்களுமாக, கூட்டங்கூட்டமாக வளரும் ஓர் உயிர் இருக்கும். கடைக்காரர்கள் ‘ஜோவா’, ‘பாலி’ என்பார்கள். அவற்றில் சிலவற்றில், முக்கியமாகப் பாலித்தோவா வகையில், பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. இயற்கையில் கிடைக்கும் மிகக் கொடிய நஞ்சுகளில் அதுவும் ஒன்று. பாறையைக் கொதிக்கவைத்தாலோ, வெந்நீர் ஊற்றி பிரஷ் போட்டுத் தேய்த்தாலோ, ஆவியோடும் துளியோடும் அது மூச்சில் ஏறும். இருமல், காய்ச்சல், நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் என்று வரிசையாக வரும். 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷையர் வட்டாரத்தில், தொட்டியிலிருந்து பவளத்தை எடுத்துச் சுத்தம் செய்யப்போய் ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. நம் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ரசம் வைக்கும் அடுப்பில் யாராவது பாறையை வேகவைப்பதை நினைத்தாலே பகீரென்கிறது. பாறையைத் தொட வேண்டுமென்றால் ரப்பர் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. தொடக்கக்கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். உட்லண்ட்ஸில் நான்கறை வீடு. வரவேற்பறையில் இரண்டடித் தொட்டி. மாணவர்கள் சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதை ஆயுசில் பாதி நின்று பார்த்தவள் என்பதால், அளக்காமல் எதையும் எதிலும் ஊற்றினால் எனக்குக் கை நடுங்கும். இந்தப் பெட்டிச் செய்தியில் என்னை உறுத்தியதும் அதுதான். பவளம் சுருங்கினால் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள், கால்சியம், கேஎச் (காரத்தன்மை) கூட்டும் மருந்து, அயோடின் மூன்றையும் தினமும் ஊற்றுங்கள், இறால் துண்டு ஊட்டுங்கள், நீர் குறைந்தால் உப்புநீர் ஊற்றி நிரப்புங்கள் என்று அடுக்கியிருக்கிறது. எங்கேயும் ‘முதலில் அளந்து பாருங்கள்’ என்று இல்லை. ஒரே சாயங்காலத்தில் இத்தனையும் செய்துவிட்டால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்குத் தெரியும்?

பவளம் ஒரு விலங்கு. அதன் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி உயிரணுக்கள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் சமைத்துக் கொடுப்பதில்தான் பவளத்தின் பெரும்பங்குச் சாப்பாடு. எலும்பைப் பவளம் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தானே கட்டிக்கொள்கிறது. ஆக, அது நகர முடியாது, ஓட முடியாது, தண்ணீர் எப்படியோ அப்படித்தான் அதன் உடம்பு. தண்ணீரில் ஒரு மாற்றம் வந்தால் அதன் விளைவு தோலில் தெரிய நாள் பிடிக்கும், சரிசெய்தாலும் அப்படித்தான். இன்றைக்கு ஊற்றி நாளைக்குப் பார்ப்பவர்களுக்கு இது ஏற்ற வேலை இல்லை.

எங்கள் புளோக்கில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி இருக்கிறார். போன வருஷம் அவருடைய ஹேமர் பவளம் வாடத் தொடங்கியது. ஹேமர் நன்றாக இருந்தால் கொழுகொழுவென்று நீர் ஏறி, ஒவ்வொரு விரலின் நுனியும் சுத்தியல் தலையாக அகன்று, நீரோட்டத்தில் சோம்பலாக ஆடும். இவருடையதோ விரல்களை முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டு விட்டது. எலும்பின் விளிம்பில் இருக்கும் மெல்லிய தகடுகள் தோலைத் தள்ளிக்கொண்டு வரிவரியாக வெளியே தெரிந்தன. ஒரு கிளையில் தோல் விளிம்பை விட்டுச் சற்றே கீழே இறங்கியிருந்தது. “ஆன்ட்டி, மூணு பாட்டில் வாங்கிட்டேன், எதை முதல்ல ஊத்தணும்?” என்று கேட்டுக்கொண்டு வந்தார். உங்கள் பெட்டிச் செய்தியில் இருக்கும் அதே மூன்று. “தம்பி, பாட்டிலை அலமாரியில் வை, உப்பை அளந்தியா?” என்றேன். அளந்தாராம், கடல்நீரின் அடர்த்தியான 1.025, சரியாக இருக்கிறதாம்.

போய்ப் பார்த்தேன். அவர் வைத்திருந்தது முள் ஆடும் பிளாஸ்டிக் கருவி. முள்ளில் உப்புப் படிந்து வெள்ளையாகக் காய்ந்திருந்தது. உப்புப் படிந்தால் முள் கனத்துவிடும், உள்ள உப்பைவிடக் குறைவாகக் காட்டும். நீர்க்குமிழி ஒட்டியிருந்தால் நேர்மாறாக அதிகம் காட்டும். என்னுடைய ஒளிவிலகல் மானியை எடுத்துப்போய் அளந்தேன். லிட்டருக்கு 39 கிராம். கடலில் 35 இருக்கும். இந்த மானியையும் வெறும் நீரில் வைத்துச் சுழியம் பார்த்தால் போதாது. 35 என்று அளவு செய்து விற்கும் திரவம் ஒன்று இருக்கிறது, அதை ஒரு சொட்டு விட்டுத்தான் சரிபார்க்க வேண்டும். நாம் அளக்கப்போகும் அளவுக்குப் பக்கத்திலேயே சரிபார்ப்பதுதான் ஆய்வக முறை.

உப்பு எப்படி ஏறியது? சூடு தாங்கவில்லை என்று தொட்டி விளிம்பில் ஒரு குட்டி மின்விசிறியை மாட்டியிருந்தார். நல்ல யோசனைதான், இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் காற்று பட்டால் தண்ணீர் ஆவியாகும், நீர்மட்டம் தினமும் இறங்கும். இறங்கியதை அவர் வாளியில் உப்புநீர் கலக்கி நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறார், உங்கள் பெட்டிச் செய்தி சொல்வது போலவே. சாம்பார் வற்றினால் உப்புக் கரிக்கிறது அல்லவா, அதில் இன்னும் உப்புப் போட்ட தண்ணீரை விட்டால் என்ன ஆகும்? ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. கணக்கும் எளிது. இரண்டடித் தொட்டியில் பாறை, மணல் போக நூறு லிட்டர் நீர் என்று வையுங்கள். நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியாகி, அதற்கு ஒரு லிட்டர் உப்புநீர் ஊற்றினால் நாளுக்கு 35 கிராம் உப்புக் கூடுகிறது. பத்து நாளில் 350 கிராம். லிட்டருக்கு மூன்றரை கிராம். 35-இல் இருந்த தொட்டி பத்தே நாளில் 38.5. ஆவியான இடத்தை உப்பில்லாத சுத்த நீரால் மட்டுமே நிரப்ப வேண்டும். இந்த ஒரு வரியையாவது திருத்திப் போட்டுவிடுங்கள்.

சரி, 39-ஐ எப்படி இறக்குவது? ஒரே நாளில் இறக்கினால் பவளத்துக்கு இன்னொரு அடி. நூறு லிட்டரில் பத்து லிட்டரை எடுத்துவிட்டுச் சுத்த நீர் விட்டால் 35 ஆகிவிடும். அந்தப் பத்து லிட்டரை ஒரு வாரத்துக்குப் பிரித்து, நாளுக்கு ஒன்றரை லிட்டர் வீதம் மாற்றச் சொன்னேன். விளக்கின் அடியில் கொண்டுபோய் வைத்திருந்த பவளத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தோம். நீரோட்டப் பம்பு நேராக அதன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது; அதைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினோம். விரல்கள் வெளியே வந்திருக்கும் நேரத்தில் வேகமான ஓட்டம் அடித்தால், அந்த எலும்புத் தகடுகளே தோலைக் கிழித்துவிடும். அப்புறம் அந்த வாரம் முழுக்க வேறெதையும் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். பாவம், தினமும் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். நாளொரு மாற்றமும் இல்லை. எனக்கே சிரிப்பு வந்தது.

உப்பு ஓர் ஒழுங்குக்கு வந்த பிறகுதான் கேஎச் பார்த்தோம். கேஎச் என்பது நீரில் இருக்கும் பைகார்பனேட், கார்பனேட்டின் அளவு. எலும்பு கட்ட இதுதான் மூலப்பொருள். கடலில் ஏறக்குறைய 7 டிகிரி இருக்கும் (இது வெப்பநிலை டிகிரி அல்ல, கேஎச்சின் அலகு). தொட்டியில் 7 முதல் 9 வரை எங்கே இருந்தாலும் பரவாயில்லை. இன்றைக்கு 7, நாளைக்கு 10 என்று குதிப்பதுதான் ஆகாது. சுத்த நீர் விட்டதில் இவருடைய தொட்டியில் 6-க்குக் கீழே இறங்கியிருந்தது. இதற்குக் கடையில் விற்கும் பாட்டில் வேண்டும் என்பதில்லை. சமையலறையில் இருக்கும் ஆப்ப சோடாதான் சோடியம் பைகார்பனேட். வாங்கும்போது டப்பாவில் வேறு எதுவும் கலக்கவில்லை என்று பாருங்கள். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் வேறு, அதை ஊற்றக்கூடாது. நூறு லிட்டர் நீரில் கேஎச்சை 1 டிகிரி உயர்த்த 3 கிராம் சோடா போதும். நோயுற்ற பவளம் இருக்கும் தொட்டியில் நாளுக்கு அரை டிகிரிக்கு மேல் ஏற்ற மாட்டேன். அதாவது நாளுக்கு ஒன்றரை கிராம், சுத்த நீரில் கரைத்து, பம்பின் ஓட்டத்தில் மெதுவாக விட வேண்டும். நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன மின்தராசு வீட்டில் இருந்தால் வசதி. கரண்டிக் கணக்கை நான் நம்புவதில்லை.

கால்சியத்தையும் கேஎச்சையும் அடுத்தடுத்து ஊற்றச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டும் அடர்த்தியாகச் சந்தித்தால் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி, சுண்ணாம்பாக அடியில் படியும். பவளத்துக்குப் போக வேண்டிய இரண்டுமே பம்பின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 440 மில்லிகிராம், மக்னீசியம் 1300 மில்லிகிராமுக்கு அருகில் இருந்தால் அதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். தம்பியின் தொட்டியில் கால்சியம் நன்றாகவே இருந்தது. ஹேமரின் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரத் தொடங்க வாரக்கணக்கில் ஆயிற்று. தோல் இறங்கியிருந்த அந்த ஒரு கிளை மட்டும் பிழைக்கவில்லை. மூன்று பாட்டிலும் மூடி திறக்காமல் இன்னும் அவர் அலமாரியில் இருக்கின்றன.

‘வெளுத்த பவளத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டுங்கள்’ என்ற ஆலோசனை நேர் தலைகீழ். வெளுப்பது என்றால் உள்ளே குடியிருந்த பாசி வெளியேறிவிட்டது என்று பொருள். பெரும்பாலும் சூடும் வெளிச்சமும் சேர்ந்துதான் வெளியேற்றுகின்றன: சூட்டில் தடுமாறும் பாசி, அளவுக்கு மிஞ்சிய வெளிச்சத்தில் பவளத்துக்கே நச்சான ஆக்சிஜன் வேதிப்பொருள்களை உண்டாக்குகிறது, பவளம் அதைத் துரத்திவிடுகிறது. அந்த நிலையில் விளக்கைக் கூட்டுவது எரிகிற இடத்தில் எண்ணெய் விடுவதுதான். விளக்கைப் பாதியாகக் குறையுங்கள். ஹேமர் மாதிரி சதைப்பற்றுள்ள பவளங்களுக்குச் சாதாரணமாகவே நடுத்தர வெளிச்சம் போதும். தொட்டி 30 டிகிரியில் இருந்தால் நாளுக்கு ஒரு டிகிரி என்று இறக்கி 26-க்குக் கொண்டுவாருங்கள்.

வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல என்பதையும் அந்தப் பெட்டி சொல்லவில்லை. எத்தனை பேர் இதனால் உயிரோடு இருப்பதைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பார்கள்! கைவிளக்கை அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். எலும்பின் மேல் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய சதை பளபளக்கிறதா, விரல் நுனிகள் தெரிகின்றனவா? அப்படியானால் உயிர் இருக்கிறது. 2024-இல் உலகமெங்கும் பவளம் வெளுத்தபோது நம் தெற்குத் தீவுகளிலும் வெளுத்தது. கடல் குளிர்ந்ததும் அவற்றில் பல மறுபடி நிறம் பெற்றன. மாறாக, சதையே இல்லாமல் எலும்பு கரகரவென்று மொட்டையாகத் தெரிந்து, அந்த மொட்டை தினமும் மேலே ஏறுகிறது என்றால் அது வேறு நோய்.

அதிலும் மோசமானது, பழுப்பு நிறத்தில் கோழை போல் ஒன்று சதையின் மேல் படர்ந்து, எடுத்து முகர்ந்தால் அழுகிய நாற்றம் அடிப்பது. இதில் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஒரே நாளில் பக்கத்துக் கிளைக்குத் தாவும். தொட்டிக்குள் அதை ஊதிவிடாமல், குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, பவளத்தை வெளியே எடுத்து, நோய் பிடித்த கிளையை நல்ல இடத்தோடு சேர்த்து வெட்டி எறிய வேண்டும். மிச்சத்தை அயோடின் கலந்த கடல்நீரில் சில நிமிடம் முக்கி, வேறு கடல்நீரில் அலசி, முடிந்தால் தனித் தொட்டியில் வைக்க வேண்டும். அயோடினுக்கு வேலை இங்கேதான். வெளியே வைத்து முக்குவதற்கு உரிய பொருளைத் தினமும் தொட்டியில் சொட்டுச் சொட்டாக விடச் சொல்வது எந்தக் கணக்கு? அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சு. வெட்டுவதற்கு வசதியாக, வாங்கும்போதே கிளை கிளையாகப் பிரிந்த ஹேமரை வாங்குங்கள். மதில் மாதிரி ஒரே நீளமாக இருப்பது பார்க்க நன்றாக இருக்கும், ஒரு மூலையில் புண் வந்தால் முழுதும் போகும். வெட்டிய நல்ல துண்டைப் பாறையில் ஒட்டச் சாதாரண சூப்பர் குளூ போதும், கூழாக இருக்கும் வகை, ஈரத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

உணவு விஷயம். விரலை உள்ளே இழுத்து வாயை மூடிக்கொண்டிருக்கும் பவளத்தின் மேல் இறால் துண்டை வைத்தால் யார் சாப்பிடுவது? அது அங்கேயே அழுகும், மேலே சொன்ன பழுப்புக் கோழைக்கு அதுவே விருந்து. விரல் வெளியே வந்த பிறகு, இரவில், கடுகைவிடச் சற்றுப் பெரிய துண்டாக வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை கொடுத்தால் நிறைய. வெளுத்த பவளத்துக்கு மட்டும் ஊட்டுவதில் நியாயம் உண்டு, ஏனென்றால் அதன் சமையல்காரர்கள் வீட்டைவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்கும் வாய் திறந்தால்தான். இன்னொன்று, நைட்ரேட் சுழியமாக இருக்க வேண்டும் என்று கட்டுரையின் நடுவில் ஓர் இடத்தில் வருகிறது. வேண்டாம். நைட்ரேட் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் இருக்கட்டும். இரண்டும் சுழியமானால் உள்ளே இருக்கும் பாசி பட்டினி கிடக்கும், பவளம் வெளிறும், பழுப்பு நூலாகக் குமிழியோடு தொங்கும் ‘டைனோ’ என்ற நுண்ணுயிர்த் தொல்லை வந்து சேரும்.

குழாய்த் தண்ணீரை ஓர் இரவு வாளியில் வைத்தால் போதும் என்பது பழைய காலத்துத் தங்கமீன் வைத்தியம். நம் ஊர்க் குழாயில் வருவது குளோராமின் கலந்த நீர். குளோரின் போல் அது ஓர் இரவில் பறந்துவிடாது. நல்ல கரி வடிகட்டி உள்ள ஆர்ஓ கருவி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கடையில் கேனில் வாங்குங்கள். கிழக்குக் கடற்கரையில் வாளியோடு போய்க் கடல்நீர் எடுப்பவர்களையும் எனக்குத் தெரியும். மழை பெய்தால் அங்கே உப்பே குறைந்துவிடும், கப்பல் போக்குவரத்தைச் சொல்லவே வேண்டாம். 2024 ஜூனில் எண்ணெய் கசிந்து கரையெல்லாம் கறுத்ததற்குப் பிறகும் எடுப்பவர்களுக்கு நான் என்ன சொல்ல?

உங்கள் கட்டுரையாளர் எங்கோ குளிர்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருப்பார் போல. தொட்டிக்கு வெப்பமூட்டி வாங்கச் சொல்கிறார். இங்கே நமக்குப் பிரச்சினை வேறு. படுக்கையறையில் தொட்டி வைத்து, இரவு மட்டும் ஏர்கான் போட்டால், விடியும்போது 25, சாயங்காலம் 30. அந்த ஏற்ற இறக்கம் 28-இல் நிலையாக இருப்பதைவிடக் கெடுதல். வசதி இருந்தால் குளிர்விப்பான், இல்லையென்றால் வெப்பநிலை பார்த்து ஓடி நிற்கும் மின்விசிறி. கதவு ஜன்னல் அடைத்த ஏர்கான் அறையில் நாலு பேர் படுத்தால் கரியமில வாயு கூடி, தொட்டியில் பிஎச் இறங்கும். அதற்கும் ஒரு பாட்டில் விற்பார்கள். காலையில் ஜன்னலைத் திறந்தால் காசில்லாமல் ஏறும். சாம்பிராணி போடும்போது காற்றுப் பம்பை நிறுத்திவிடுங்கள். புளோக்கில் கொசு மருந்துப் புகை அடிக்கும் நாளில் பம்பை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடிவிடுவேன். அந்த மருந்துகளில் பல இறால் வகைகளை முதலில் கொல்லும், மீனுக்கும் ஆகாது. புகை கலைந்ததும் பம்பை மறக்காமல் போட வேண்டும்.

இன்னொரு விஷயம், இது கட்டுரை சொல்லாமல் விட்டது. ஹேமர், டார்ச் போன்ற கல் பவளங்கள் எல்லாமே, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. எல்லை தாண்டிக் கொண்டுபோக, கொண்டுவர அனுமதிச்சீட்டு வேண்டும். “அக்கா, சென்னையில் மச்சான் தொட்டி வச்சிருக்கார், ஒரு துண்டு பெட்டியில் போட்டு எடுத்துப் போகலாமா?” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கூடவே கூடாது. இந்தியாவில் கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. ராமேஸ்வரம் போய்விட்டு வரும்போது கரையில் பொறுக்கிய பவளத்துண்டை நினைவுக்காகக் கொண்டுவருவதும் அதே கணக்குத்தான். வாங்கும் கடையில் இது பண்ணையில் வளர்த்ததா, கடலில் பெயர்த்ததா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையில் நான் வாங்குவதில்லை. தொட்டி வைக்க இடமோ பணமோ இல்லாத பிள்ளைகளுக்குப் பவளத்தின் மேல் ஆசை இருந்தால், தேசியப் பூங்காக் கழகத்தின் 100,000 பவளத் திட்டம் இருக்கிறது. 2024 கடைசியில் நடத் தொடங்கியிருக்கிறார்கள், தொண்டூழியர்களுக்கும் வேலை உண்டு. அதைப் பற்றி ஒரு கட்டுரை போடலாமே.

அடுத்த ஞாயிறு இதன் இரண்டாம் பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அச்சுக்குப் போகும் முன் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது எண்களைக் காட்டிச் சரிபாருங்கள். என்னிடம் அனுப்பினாலும் பார்த்துத் தருகிறேன், கூலி வேண்டாம். பாறையைக் கொதிக்கவைக்கும் அந்த வரிக்குத் திருத்தம் மட்டும் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். நாளைய இதழிலேயே, கண்ணில் படும் இடத்தில் போடுங்கள். பள்ளி விடுமுறை தொடங்குகிறது. பிள்ளைகள் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று இறங்குவது இந்தச் சமயத்தில்தான்.

இப்படிக்கு,
ம. செல்வராணி
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்